வலது, இடது, எழும்பு

மற்ற ஆசிரியர்கள் வாயால் படிப்பிக்கிறார்கள், உடற்கல்விக்காரர்கள் நாங்கள் உடம்பால் படிப்பிக்கிறோம். கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு வெயிலிலும் மழையிலும் நிற்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தேய்ந்தது இடுப்பென்றால் எனக்கு முழங்கால், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, ஒரு மேட்டில் இருக்கும் தமிழ்ப் பாடசாலையில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்புக்குக் கூடைப்பந்து படிப்பித்து, தவணை முடிவில் கணிப்பீடு செய்து புள்ளி போடுவது என் பொறுப்பு. போன வருடம் அந்தப் பொறுப்பு என் கையை விட்டுப் போன கதை இது.

பந்தோடு நின்ற பிள்ளை

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு முதலில் வலைப்பந்துதான். அதில் பந்தைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். தட்டவும் கூடாது, ஓடவும் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து அப்படிப் பழகியவர்களிடம் பத்தாம் வகுப்பில் போய், இனிக் கூடைப்பந்து, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுங்கள் என்றால் மூளை ஒத்துக்கொண்டாலும் கால் ஒத்துக்கொள்ளாது. கண்டி மாவட்டத்தில் என்னைப் போல் தொண்டை கிழியக் கத்தியவர்கள் எத்தனை பேரோ.

சுபாஷினி கலகெதரப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை. வலைப்பந்து அணியில் கோல் போடுவது அவள்தான். முதல் நாள் அவளுக்குக் கூடைப்பந்தைக் கொடுத்தேன். பிடித்தாள், ஆணி அடித்தது போல நின்றாள். நான் விசில் ஊதி ஊதி "ஓடு, ஓடு" என்றேன். அவள் இன்னும் இறுக்கமாகப் பந்தைக் கட்டிப்பிடித்தாள், கண் கலங்கிவிட்டது. கடைசியில் பந்தை என் கையில் திருப்பிக் கொடுத்துச் சொன்னாள்:

"மிஸ், நாலு வருஷமா நடந்தா விசில் அடிச்சீங்க, இப்ப நின்னா அடிக்கிறீங்களே!"

வைத்தியர் சொன்னது

அந்தத் தவணைக்கு முன்பே என் வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது. மாடிப்படி இறங்கும்போது உள்ளே ஏதோ கடகடக்கும். எண்ணெய் பூசிப் பார்த்தேன், துணி கட்டிப் பார்த்தேன். ஒன்றும் சரிவராமல் கண்டிக்குப் போய் எலும்பு வைத்தியரிடம் காட்டினேன். அவர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூட்டுக்குள் இருக்கும் சவ்வு தேய்ந்துவிட்டது என்றார்.

நான் பயந்தது வலிக்காக இல்லை. பாய வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான். பாயாமல் நான் எதைப் படிப்பிப்பது? "டொக்டர், நான் பீ.டி. மிஸ்" என்று சிங்களத்தில் விளக்கினேன். அவருக்கு விளங்கியது, பாவம் என்றும் நினைத்தார் போல. ஆனாலும் சிங்களத்தையும் தமிழையும் கலந்து அவர் சொன்னது இதுதான்:

"பனின்ன எபா மிஸ், பாய வேணாம், நடங்க, நல்லா நடங்க."

சாரியும் சப்பாத்தும்

காலைக் கூட்டத்துக்குச் சாரியில் நிற்போம். மணி அடித்ததும் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய்ச் சாரியை மாற்றி, ட்ராக்சூட்டுக்குள் புகுந்து, சப்பாத்து லேஸைக் கட்டுவேன். பூஞ்சணம் மணக்கும் அந்த அறையில் லேஸ் கட்டும் கொஞ்ச நேரம்தான் எனக்கு நாளிலேயே பிடித்தது. அதன் பிறகு மைதானத்தில் எனக்கு மேல் யாரும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாடசாலை அதிபர் நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். நான் படி இறங்குவதை அவர் ஜன்னலால் பார்த்திருக்கிறார். ஒரு நாள் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வித்யா என்று இளம் உடற்கல்வி ஆசிரியை ஒருவர் புதிதாக வந்திருந்தார். மைதானத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, நான் வகுப்பறையில் சுகாதாரப் பாடம் மட்டும் எடுக்கலாமே என்றார். பத்தாம் வகுப்பின் கணிப்பீடு முடியும்வரை பொறுங்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார். ஆனால் நான் கதவடிக்குப் போனதும் அன்பாக ஒன்று சொன்னார், அது அன்றைக்கு முழுவதும் என்னைச் சுட்டது.

"நாள் முழுக்க சாரியிலேயே இருக்கலாமே மிஸ், நிம்மதிதானே?"

நடந்து காட்டிய பாடம்

கணிப்பீட்டில் பெரிய புள்ளி லேஅப்புக்குத்தான். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்து, கையில் எடுத்து, வலது காலை நீட்டி வைத்து, அடுத்து இடது காலை வைத்து, அதிலிருந்து எழும்பி, பந்தைப் பலகையில் பட வைத்துக் கூடைக்குள் போட வேண்டும். எங்கள் பலகை உடைந்த கரும்பலகையொன்றை வெட்டி அடித்தது. பந்து படும் போதெல்லாம் கொஞ்சம் சோக்குத் தூள் உதிரும்.

பாயக் கூடாதென்றுதானே சொன்னார், நடக்கச் சொன்னாரே. ஆகவே நடந்தே காட்டினேன். "வலது, இடது, எழும்பு" என்று சொல்லிக்கொண்டு மெதுவாக அடி வைத்து, கடைசியில் இடது பெருவிரலில் ஊன்றிக் கையை மட்டும் உயர்த்துவேன். பிள்ளைகள் வரிசையாக என் பின்னால் நடந்து பழகினார்கள். நின்றே பழகிய கால்கள் மெல்ல மெல்ல ஓடத் தொடங்கின. நானோ பலகைக்குக் கீழே நின்று அவர்களின் கையையும் பந்தையும் மட்டுமே பார்த்தேன். முழங்கால் போனாலும் தொழில் போகவில்லை என்று எனக்குள் ஒரே பெருமை. சுபாஷினி முதல் தடவையாகப் பந்தைக் கூடைக்குள் போட்ட அன்று நான் கைதட்டியதைப் பார்த்து அவள் கேட்டாள்:

"மிஸ், நீங்க காட்டின மாதிரியே செஞ்சேனா?"

ஆலோசகர் வந்த நாள்

கணிப்பீட்டைப் பார்க்கக் கல்வி வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்தார். நஸீர் சேர், பழைய விளையாட்டுக்காரர். மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டார். முதல் பிள்ளை ஓடி வந்து போட்டாள். அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை. அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நான் நின்ற இடத்தை விட்டுத் தள்ளிப் பக்கவாட்டில் போய்ப் பார்க்கத் தொடங்கினார். பிறகு என்னையும் அங்கே வரச் சொல்லிக் கை காட்டினார்.

மைதானத்தைக் குறுக்காகக் கடந்து அவரிடம் நடந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய்த் திரும்பி நின்றபோது சுபாஷினி ஓடி வந்தாள். நன்றாகத்தான் ஓடி வந்தாள். வலது கால் வைக்கும் இடத்தில் நீட்டி வைக்காமல் குட்டையாக ஓர் அடி, வலது தோள் ஒரு பக்கம் சாய்ந்தது, அவசரமாக இடது காலுக்கு மாறி எழும்பினாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே. ஒரு வகுப்பே வலது காலில் நொண்டியது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நொண்டுகிறேன் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. வலி தெரியும், ஆனால் நேராகத்தான் நடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இவர்களுக்குக் காலில் ஏதாவது பலவீனமோ, காலையில் சாப்பிடாமல் வருகிறார்களோ என்று ஏதேதோ உளறினேன். நஸீர் சேர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"புள்ளைகள்ட கால்ல ஒரு பிழையும் இல்ல டீச்சர்."

பார்க்காதது போல

தேத்தண்ணி குடிக்கும்போது அவர் எனக்கு ஒரு வழி விட்டார். பந்து கூடைக்குள் விழுகிறதுதானே, நீங்கள் போட்ட புள்ளி அப்படியே இருக்கட்டும், நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம் என்றார். இல்லையென்றால் சரியாகச் செய்து காட்ட ஒருவரைப் பிடித்து, மறுபடி பழக்கி, நீங்களே கணிப்பீடு செய்து அனுப்புங்கள் என்றார். முதல் வழியில் மைதானம் என்னிடம் இருக்கும். இரண்டாவது வழியில், செய்து காட்ட எனக்கு முடியாது என்று நானே அதிபருக்குச் சொன்னதாகிவிடும்.

எனக்கு முதல் வழிதான் வேண்டும் போலிருந்தது. நீங்களாக இருந்தாலும் உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் வெளியே பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வயதுக் கால்கள், எந்தக் குறையும் இல்லாத கால்கள், என் முழங்காலைச் சுமந்துகொண்டு ஓடின. அதைப் பார்த்த பிறகு தேத்தண்ணி இறங்கவில்லை.

ஆசிரியர் அறைக்குப் போய் வித்யாவிடம் கேட்டேன். நான் சொல்கிறேன், நீங்கள் செய்து காட்ட வேண்டும் என்றேன். அவர் கையிலிருந்த பேனையை மூடி வைத்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்:

"நான் செய்து காட்டினால் அதிபர் உங்களைப் பிறகு மைதானத்தில விடமாட்டார், தெரியும்தானே மிஸ்?"

கதிரை

தெரியும் என்றேன். அடுத்த நாளே மைதான ஓரத்தில் கதிரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். நான் "வலது, இடது, எழும்பு" என்று சொல்ல, வித்யா ஓடிப் பாய்ந்து காட்டினார். என்ன அழகான பாய்ச்சல்! பொறாமைப்பட்டேன், மறைக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு மறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஓடி வரும்போது சரியாக வருவார்கள், வலது காலை வைக்கும் அந்த இடத்தில் என் சாய்வு எட்டிப் பார்க்கும். மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து பின்னேர மழை வந்து தினமும் எங்களைக் கலைத்தது. மழை விட்டதும் சாக்கால் தரையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினோம்.

கணிப்பீட்டு நாளில் ஒவ்வொரு பிள்ளையும் வர வர, நான் கதிரையில் இருந்தபடி என்னைத் தேடினேன். இல்லை. நீண்ட வலது அடி, நேரான தோள், உயர்ந்த பாய்ச்சல். எல்லோருக்கும் முழுப் புள்ளி போட்டேன். சந்தோஷமாகவும் இருந்தது, யாரோ செத்த வீட்டில் இருப்பது போலவும் இருந்தது. கடைசியாகச் சுபாஷினி. பந்து பலகையில் பட்டு, சோக்குத் தூள் உதிர, கூடைக்குள் விழுந்தது. மூச்சு வாங்க என் கதிரையடிக்கு ஓடி வந்தாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் கேட்டாள், அந்த முகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை:

"மிஸ், இப்ப கொஞ்சம் கூட உங்கள மாதிரி இல்லதானே?"

இல்லை என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன். அதிபர் சொன்ன சொல் மாறாமல் கணிப்பீடு முடியும்வரை பொறுத்திருந்து, அந்தக் கிழமையே மைதானத்தை வித்யாவிடம் கொடுத்தார். ஆகவே, என் இனத்தாரே, இப்போது நான் நாள் முழுக்கச் சாரியில் இருந்துகொண்டு எட்டாம் வகுப்புக்குச் சுகாதாரம் படிப்பிக்கிறேன். புத்தகத்தின்படி முதல் பாடம், நேராக நிற்பதும் நடப்பதும் எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது.