ஐந்து மைல் கணக்கு

சாந்தன்பாறை எஸ்டேட்டை விட்டு நடந்துகொண்டிருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அன்று காலை செல்வி பஸ்ஸைத் தவறவிட்டது என்னால்தான்.

எஸ்டேட்டில் அவள் என் அடுத்த வீட்டுப் பெண். ஏலக்காய் பறித்துக்கொண்டே குமாஸ்தா பரீட்சைக்குப் படித்தாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஐந்தாவதோடு நின்ற எனக்கும் திசைக் கணக்குகளைச் சொல்லித்தந்தாள். வடக்கே மூன்று மைலும் கிழக்கே நான்கு மைலும் நடந்தவன், கிளம்பிய இடத்திலிருந்து நேராக ஐந்து மைலில் இருப்பானாம். அந்த விடை எனக்குப் பெரிய அதிசயம்.

பரீட்சையன்று துணைக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு ரோடும் ஏறக்குறைய அப்படித்தான், வடக்கே போய்க் கிழக்கே திரும்பி ஏழு மைல் போகும்.

“ஏலக்காட்டுக்குள்ள நேரா போனா அஞ்சுதான புள்ள?” என்றேன்.

“அது தாள்ல அண்ணே. இங்க ஓடை கெடக்கே.”

“நான் நடக்காத காடா? வா.”

ஓடையில் மழைவெள்ளம். சுற்றிக்கொண்டு மேலே ஏறியபோது, அன்றைக்கிருந்த ஒரே பஸ் வளைவில் மறைந்தது.

செல்வி ஈரப் பாவாடையைப் பிழிந்தாள். “கணக்கு சரிதான் அண்ணே. மலைக்குத்தான் அது தெரியல” என்று சிரிக்கப் பார்த்தாள். திட்டியிருந்தால் எஸ்டேட்டிலேயே இருந்திருப்பேன்.

மறுநாள் காலை, சக்குபள்ளம் போகும் வழியில் ஒரு வேலை கிடைத்தது. மலையைச் சுற்றி வளைத்துப் போடும் ரோட்டுக்குக் கல் உடைக்கும் வேலை.