பின்னால் வரும் காரை யார் ஓட்டுவது?

சந்தையில் மீன் விற்கும் செல்வத்தின் மேசைக்குப் பின்னால், தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த பெட்டி ஒன்று கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. ஐஸ் உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மீன் வீணாவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. "யாருடைய பெட்டி இது?" என்று கேட்டேன்.

"ஹமீது அண்ணன் கடைக்குப் போறது, மேடம். இன்னிக்குப் போகல."

"ஏன்?"

"அண்ணன் காலையில தொழுகைக்கு எழுந்திருக்கல. தூக்கத்துலயே போயிட்டாரு." செல்வம் என் முகத்தைப் பார்க்காமல் தராசைத் துடைத்தார். "மேடத்துக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்லா."

கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகிறவள் நான். வாங்கிய காய்கறியைச் செல்வத்தின் மேசையிலேயே விட்டுவிட்டு நேரே ஹமீதின் வீட்டுக்குப் போனேன்.

சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் அவர் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடாதவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை. எனவே அவருடைய மீன் கறியைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. அதில் உப்பு கூடுதல் என்று ஒருமுறை அவரிடமே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எவ்வளவு கூடுதல் மேடம்?" என்று ஒரு கிண்ணத்தில் உப்பைக் கொண்டுவந்து வைத்து, விரலால் எடுத்துக் காட்டச் சொன்னார். குறை சொன்னால் அளவு கேட்பார். முடியாது என்றால் காரணம் கேட்பார்.

"வேணாம்னு சொல்றது பாதி பதில்," என்பார். "ஏன் வேணாம்? அது மீதிப் பாதி. அதைச் சொல்லாம யாரும் எழுந்து போகக்கூடாது." அவர் கடையில், 'எனக்குத் தெரியாது' என்று ஒப்புக்கொள்கிறவருக்குத் தேத்தண்ணி இலவசம். அந்த இலவசத் தேத்தண்ணியை அதிகம் குடித்தவர் காலஞ்சென்ற என் கணவர். நான் ஒரு கோப்பைகூடக் குடித்ததில்லை.

பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். விதி என்றால் அதன் வாசகத்தைப் பார்க்காமல் பேசமாட்டேன். அதனால்தான் மிஸ்டர் ஹமீது (நான் அவரை எப்போதும் அப்படித்தான் அழைத்தேன்) அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார்.

அவர் மனைவி சபியாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. சபியாவின் அக்கா ஜமீலா, தாய்லாந்தில் ஹாட்யாய்க்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர், அவரும் படுக்கையில். இருவரும் கைப்பேசித் திரையில் ஒருவரையொருவர் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்ய சபியாவால் முடியாது. ஆகவே ஹமீது ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி, முறைப்படி அனுமதி பெற்று, கட்டிலும் கழிப்பறையும் அடுப்பும் உள்ள மோட்டார் ஹோமாக மாற்றினார். ஆனால் ஜமீலாவின் வீட்டுச் சந்துக்குள் அது நுழையாது. நுழையக்கூடியது அவருடைய சின்னக் கார். அதன் முன்னிருக்கையைச் சபியாவுக்காக வெளிப்பக்கம் திரும்பும்படி மாற்றியிருந்தார். வேறு காரில் அவரை ஏற்றி இறக்க முடியாது. ஆக, இரண்டு வண்டிகளும் எல்லை தாண்டவேண்டும், ஓட்டுவதற்கு அவர் ஒருவர்தான். மகள் பாத்திமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மருமகனால் கடையை விட்டு நகர முடியாது.

வெளிநாடுகளில் சிலர் மோட்டார் ஹோமின் பின்புறம் இரும்புத் தண்டு பூட்டி, காரை அதன் நான்கு சக்கரத்திலேயே உருட்டிக்கொண்டு போவதை அவர் கைப்பேசியில் பார்த்திருந்தார். "அதே மாதிரி தாய்லாந்துக்கு இழுத்துட்டுப் போனா சட்டப்படி சரியா மேடம்?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பார்த்துச் சொல்கிறேன்," என்றேன்.

பார்க்கப் பார்க்க எனக்கே அதில் ஆர்வம் பற்றிக்கொண்டது. ஒரு நாட்டில், இழுக்கப்படும் அந்தக் காரை இழுவண்டி என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். இழுவண்டிக்குரிய பிரேக்கும் விளக்கும் அதற்கு இருக்கவேண்டும். இன்னொரு நாட்டில் பழுதான வாகனத்தைத் தவிர எதையும் இழுக்கக்கூடாது. அதையும் அதற்கென்று உள்ள லாரிதான் செய்யவேண்டும். எங்கள் ஊரில் சரியென்றால் எல்லா ஊரிலும் சரிதான் என்று பயணிகள் அடித்துச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவரே பிறகு அபராதம் கட்டியதை எழுதிப் புலம்புகிறார். தாய்லாந்து பற்றித் தெளிவாக ஒருவரும் எழுதவில்லை. நான் தட்டச்சு செய்து அனுப்பிய கேள்விகளுக்கும் பதில் வரவில்லை.

கடையில் இதுவே பேச்சாயிற்று. இழுவை லாரி வைத்திருக்கும் மணியம் ஒருநாள், "சும்மா சிக்கலாக்காதீங்க அண்ணே. கார் ரோசாக்னு சொல்லிடுங்க. கெட்டுப்போன காரை எந்த ஊர்லயும் இழுக்கலாம்லா," என்றார்.

"கெட்டுப்போன காரை எவனாவது பார்டர் தாண்டிக் கூட்டிட்டுப் போவானா?" என்றது பக்கத்து மேசை.

"பாசமா இருக்கும்."

கடையே சிரித்தது. ஹமீதும் சிரித்தார். "பொய் சொல்லிப் போயிட்டா, சட்டம் என்னன்னு கடைசிவரைக்கும் தெரியாமலே போயிடும் மணியம்."

"அண்ணியோட அக்காவைப் பாக்கப் போறீங்களா, பரீட்சை எழுதப் போறீங்களா?"

மணியம் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மாதங்கள் ஓடின. ஜமீலாவின் குரல் ஒவ்வொரு அழைப்பிலும் தேய்ந்துகொண்டு வந்தது. சபியா தன் அக்காவை லாத்தா என்பார். "நீங்க ரெண்டு பேரும் படிச்சு முடிக்கறதுக்குள்ள லாத்தா போயிடுவா மேடம்," என்று ஒரு மாலை என்னிடம் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. அன்றே ஹமீதிடம் போய், எழுதிக் கேட்டது போதும், எல்லைக்கே போய்க் கேளுங்கள் என்றேன். மறுநாள் புறப்பட்டார். கேள்வியைச் சரியாகக் கேட்க ஆள் வேண்டுமென்று, பாத்திமாவோடு என்னையும் அழைத்துக்கொண்டார்.

புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியைத் தாண்டித் தாய்லாந்துப் பக்கத்துக் கவுண்டரில் இருந்த இளம்பெண் மலாய் பேசினார். ஹமீது கைப்பேசியில் படத்தைக் காட்டினார். முன்னால் மோட்டார் ஹோம், பின்னால் கார்.

அந்தப் பெண் காரின் மேல் விரலை வைத்து, "சியாப்பா பாவா?" என்றார். யார் ஓட்டுவது?

"யாரும் இல்லை. அது சும்மா பின்னால் வரும்."

அவர் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். உள்ளே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தாள் உண்டு என்றார். அதைத் திரும்பக் கொண்டுபோகப் பொறுப்பேற்பவரின் பெயரை அதில் எழுதவேண்டும். ஒரே ஆள் இரண்டு வண்டிகளுக்குப் பொறுப்பேற்று வந்து தான் பார்த்ததில்லை. "உங்கள் கார் எங்கள் ஊரிலேயே நின்றுவிட்டால் நான் யாரைத் தேடுவேன்?"

"பாத்தீங்களா மேடம், காரணம்," என்றார் ஹமீது என்னிடம். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாலையில் இழுக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்டார். அது தனக்குத் தெரியாது, போக்குவரத்துப் போலீஸ்தான் சொல்லவேண்டும் என்றார் அந்தப் பெண். சுங்கை பட்டாணிக்கு வந்தால் உனக்குத் தேத்தண்ணி உண்டு என்று அவரை அழைத்துவிட்டுத்தான் ஹமீது கவுண்டரை விட்டு நகர்ந்தார்.

திரும்பும் வழியில் சிக்கல் எனக்குத் தெளிவாயிற்று. ஒரு பெயர் வேண்டும், அதற்கு அவரிடம் ஆள் இல்லை. என்னை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். கணவர் போனபின் நான் பக்கத்திலிருக்கும் குருண் தாண்டிக் கார் ஓட்டியதில்லை. பிறர் காரைத் தொட்டதே இல்லை. ஜித்ரா தாண்டியதும், "என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்," என்றேன்.

"மேடம், அங்க லாரிக்காரனுங்க ஓட்டற ஓட்டு..."

"நான் உங்களைவிட நன்றாக ஓட்டுவேன், மிஸ்டர் ஹமீது."

"அது எனக்குத் தெரியாது மேடம்," என்றார். பின்னிருக்கையில் பாத்திமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்படித்தான் போனோம். ஹமீது வாங்கி வைத்திருந்த இரும்புத் தண்டு வீட்டிலேயே கிடந்தது. காரை நான் ஓட்டச் சம்மதம் என்று ஹமீது கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஒரு தாளில் அவர் பெயர், மற்றொன்றில் என் பெயர். ஹாட்யாய் வரை அவர் வண்டியின் பின்விளக்குகளை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. ஊரெல்லையில் சபியாவைக் காருக்கு மாற்றினோம்.

சந்தில் இரு பக்கச் சுவர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஜமீலாவின் பிள்ளைகள் அவர் கட்டிலை வாசற்படி அருகே நகர்த்தி வைத்திருந்தார்கள். காரைக் கதவுக்கு நேராக நிறுத்தினேன். ஹமீது இருக்கையை வெளியே திருப்பினார்.

"இத்தனை மாசமா என்னடி பண்ணினே?" என்றார் ஜமீலா.

"இவங்க சட்டம் படிச்சாங்க லாத்தா."

"தேறிட்டாரா?"

சபியா வலக்கையை நீட்டி அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டார். ஹமீது சற்றுத் தள்ளி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த வேலை முடிந்தது, இனி வீடு திரும்பலாம் என்று வேறு யாராயிருந்தாலும் நினைப்பார்கள். நெடுஞ்சாலைவரை வழிகாட்ட வந்த ஜமீலாவின் மகனைக் கூட்டிக்கொண்டு, பெட்ரோல் நிலையத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் ஹமீது போனார். அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவந்து இரண்டு வண்டிகளையும் சுற்றிப் பார்த்தார். அப்படி இழுத்து வந்தால் தான் நிறுத்திவிடுவேன் என்றார். வளைவில் அந்தக் கார் எந்தப் பக்கம் திரும்பும், எப்போது நிற்கும் என்று அதற்குப் பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? வேறொரு அதிகாரி வேறு மாதிரி சொல்லவும் கூடும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"முடியாதுன்னு முழுசா சொல்லிட்டாரு மேடம்," என்று ஹமீது பரிசு வாங்கியவர்போல என்னிடம் வந்தார். அவருக்கு 'முடியும்' என்ற பதில் கிடைத்திருந்தால்கூட அவ்வளவு மகிழ்ந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதன்பின் இன்னும் சில முறை போய்வந்தோம். ஜமீலா இன்று வரை இருக்கிறார்.

ஹமீதை அடக்கம் செய்த அன்று மாலை சபியா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சன்னல் வழியே அந்த மோட்டார் ஹோமைப் பார்த்தார். அதை விற்றுவிடலாம் என்று மருமகன் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தார். கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் இப்போது சபியாவுக்கு. பிறர் கூடிப் பேசி நமக்காக முடிவெடுக்கும் காலம் அது. எனக்கும் அது வந்து போயிருக்கிறது. இத்தா முடிந்த பிறகே விற்பது பற்றிப் பேசலாம் என்று மருமகனிடம் சொல்லிவைத்தேன். பாத்திமா சின்னக் காரை ஓட்டப் பழகுகிறாள். பெரிய வண்டிக்குத்தான் ஆள் இல்லை.

சென்ற வாரம் உரிம அலுவலகத்துக்குப் போனேன். அந்த எடையுள்ள வண்டிக்கு என் உரிமம் செல்லுமா, செல்லாதென்றால் இந்த வயதில் அதற்குரிய உரிமம் எடுக்கலாமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் என் நரைமுடியைப் பார்த்தார்.

"தா பொலே, மக்சிக்," என்றார். முடியாதாம், பெரியம்மா.

முன்பென்றால் நன்றி சொல்லி எழுந்து வந்திருப்பேன். அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். ஹமீதிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நாற்காலியைக் கவுண்டருக்கு இன்னும் சற்று அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன்?" என்றேன்.