பொன்னாடைக்கு வந்த தொழிலாளர் தலைவர்

ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் நான் துப்புரவு வேலை செய்த தொழிற்சாலையில்தான் அவரும் ஒரு காலத்தில் இயந்திரத்தோடு நின்றவர். பதினாறு வயதில் தொழில் பழக வந்து, தொழிற்சங்கத்தில் படிப்படியாக ஏறி, தொழிலாளர் சபைத் தலைவராகி, கடைசியில் பாராளுமன்றம் போய்ச் சேர்ந்தார். மேடைக்கு மேடை, "இந்தக் கைகளில் எண்ணெய் பட்டிருக்கிறது" என்று இரண்டையும் விரித்துக் காட்டுவார். நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். என் மகளின் கைகள்கூட அவ்வளவு வழவழப்பாக இல்லை.

ஒரு வருடப் பிறப்போடு நிர்வாகம் துப்புரவுப் பகுதியை மூடி, வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்தது. எங்கள் எல்லோருக்கும் வேலைநீக்கக் கடிதம் வந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இனி யார் வேலை தருவார்கள்? கூட வேலை செய்த ஜேர்மன் பெண்கள் அந்த வாரமே வழக்குப் போட்டார்கள். நாங்கள் நாலு தமிழ்ப் பெண்கள் மட்டும் போடவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தடுத்துவிட்டார். "அக்கா, அந்த எம்.பி. ஜேர்மன்காரர் எண்டாலும் எங்கட ஆள். பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறம். அதுக்குள்ள நீங்கள் கோட்டுக்குப் போனால் அந்த மனுசனுக்கு மரியாதையே? நேரில கதையுங்கோ, எல்லாம் சரிவரும்."

"ஓம் அண்ணை" என்று தலையாட்டினோம். பெரிய மனிதரைக் கண்டு கதைத்தால் காரியம் முடிந்துவிடும் என்பது ஊரிலிருந்து பெட்டியோடு நாங்கள் கொண்டுவந்த வியாதி.

அவர் வந்தார். பொன்னாடை போர்த்தினோம். அதை உதைபந்தாட்ட ரசிகர்களைப் போலக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படத்துக்குச் சிரித்தார். மூன்று றோல்ஸ் சாப்பிட்டார். நான் கடிதத்தை நீட்டினேன். வாசித்தார், தேதியையும் பார்த்தார். "பயப்படாதீர்கள், நானே பேசுகிறேன்" என்று தோளில் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவருடைய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் பண்பாட்டைப் புகழ்ந்து, விழாப் படத்தோடு ஒரு நன்றி. வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்து வழக்கறிஞரிடம் ஓடினேன்.

அந்தப் பெண் வழக்கறிஞர் வேலைநீக்கக் கடிதத்தின் தேதியைப் பார்த்தார். "மூன்று வாரத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். நாலு நாள் பிந்திவிட்டீர்கள். யாரை நம்பி இருந்தீர்கள்?"

அவருடைய பெயரைச் சொன்னேன். வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த மூன்று வாரக் கெடுவை எனக்குப் படிப்பித்ததே அவர்தான்," என்றார். "தொழிற்சங்க வகுப்பில்."