ரிம்மில் தடவிய எண்ணெய்

என் தங்கை செண்பகம் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டதற்கு நான்தான் காரணம். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பழி அவள்மேல் விழுந்தது. அவளுடைய சைக்கிள் என்னிடம் வந்து சேர்ந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றிச்சுற்றிப் பேசி, கடைசியில் என்னை நல்லவனாக்கிக்கொண்டு முடித்துவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

போன மாதம் தென்காசியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். கண்ணில் பட்டதெல்லாம் மட்கார்டு இல்லாதவை. கேரியர் கிடையாது, செயினுக்கு மூடி கிடையாது, சக்கரம் மட்டும் டிராக்டருக்கு உள்ளது போலத் தடிமன்.

"இத வச்சிக்கிட்டு சாரல்ல எப்படிப்பா ஓட்டுதது? முதுகு பூரா சகதில்லா தெறிக்கும்?"

"இப்ப எல்லாரும் இதத்தான் கேக்காங்க அண்ணாச்சி" என்றான் கடைக்காரத் தம்பி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு சைக்கிளை உருட்டிவந்தான். கம்பி பிரேக், முழு மட்கார்டு, அகலக் கேரியர். "பழைய மாடலு. பூரா ஸ்டீலு. துரு ஏறாம இருக்க அப்பப்ப தேங்காயெண்ணெ தொட்டுத் துடைச்சிருங்க."

"எங்கலே தடவச் சொல்லுத? ரிம்முலயா? ஓட்டுதவ விழுந்தா நீயா வந்து பதில் சொல்லுவ?"

கடையே திரும்பிப் பார்த்தது. அவன் மிரண்டுபோனான். "ஹேண்டில்பாரத்தான் சொன்னேன் அண்ணாச்சி. ரிம்முல எவனாவது எண்ணெ தடவுவானா?"

தடவினவன் அவன் எதிரில்தான் நின்றிருந்தான்.

எங்கள் ஊர்ச் சாரலை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். ஆனி மாதம் தொடங்கிவிட்டால், மேலே வெயில் இருக்கும், முகத்தில் பூத்தூறல் விழும். குற்றாலத்துக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது சொர்க்கம். இங்கேயே இருக்கிற இரும்புக்கு அது எமன். ராத்திரி நிறுத்திய சைக்கிள் காலையில் செம்பழுப்பாக நிற்கும். அதனால் அப்போதெல்லாம் சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் வீட்டுக்கு வீடு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு, தேங்காயெண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். தெரு முழுவதும் தலைக்குத் தேய்த்துக்கொண்ட மாதிரி மணக்கும்.

அந்த நாளில் செண்பகத்துக்குக் குற்றாலத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. சீசனில் பஸ்ஸெல்லாம் குளிக்கப் போகிற கூட்டம். அவள் நிற்கும் இடத்தில் நிறுத்தவே மாட்டார்கள். சைக்கிள்தான் வழி என்று அப்பா அரைமனதாகச் சம்மதித்தார். தேர்ந்தெடுக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டுமே என்று என்னையும் கூட அனுப்பினார். கடையில் நான், முன்னால் கூடை வைத்த ஒரு சிவப்பு லேடீஸ் சைக்கிளைக் காட்டினேன்.

"ஏட்டி, பாக்க அழகா இருக்குல்லா?"

"அழகு எதுக்குண்ணே? ஆடிக் காத்துல அது என்னையும் தூக்கிக்கிட்டு கடையநல்லூர்ல கொண்டு போட்டுரும். நீ சும்மா நில்லு."

நின்றேன். அவள் ஒரு கனத்த கறுப்பு சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். கேரியரில் இரண்டு கையையும் ஊன்றித் தொங்கிப் பார்த்தாள். சேலை சிக்காமல் இருக்கச் செயின் முழுவதும் மூடியிருக்கிறதா, மட்கார்டு போதுமான அளவு கீழே இறங்கியிருக்கிறதா, காற்றில் சாயாத இரட்டைக்கால் ஸ்டாண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, கோணல் இருக்கிறதா என்று பார்த்தாள். மாப்பிள்ளை பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

"வருசம் பூரா ஓட்டணும்லா? சித்திரை வெயிலும் இருக்கு, ஐப்பசி மழையும் இருக்கு. லீவு நாள்ல கீழப்பாவூர் போவேன். கேரியர்ல ஒரு பை, புளிச்சோறு. சாயங்காலம் திரும்பிருவேன்."

"அங்க என்ன சோலி ஒனக்கு?"

"சும்மாதான்."

அந்தச் 'சும்மா' எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண் காரணமே இல்லாமல் ஊர் சுற்றுவதாவது? இன்று நினைத்தால் அன்றைய என்னைக் கன்னத்தில் அறையத் தோன்றுகிறது.

அந்த வருடச் சாரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய சைக்கிளைத் துடைக்க நானாகவே உட்கார்ந்தேன். நான் பௌதிகம் படித்தவன். உராய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன். பிரேக் கட்டை வந்து பிடிக்கும் ரிம்மின் உள்பக்கம்வரை சொட்டச் சொட்ட எண்ணெய் தடவிப் பளபளக்க வைத்தேன். செண்பகம்கூட, "கண்ணாடி மாதிரி இருக்குண்ணே" என்றாள்.

மறுநாள் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. குற்றாலத்துக்குப் போவது ஏற்றம், எதிர்காற்று வேறு. பிரேக்குக்கு வேலையே இல்லை. திரும்பும்போது இறக்கம், முதுகில் காற்று. குறுக்கே ஒரு பழவண்டி வந்திருக்கிறது. அவள் முழுப்பலத்தோடு பிரேக்கைப் பிடித்திருக்கிறாள்.

சைக்கிளை வீட்டுக்கு உருட்டிவந்தவன் நான். ரிம்மில் விரல் பட்டதும் புரிந்துவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் மண்ணெண்ணெய் எடுத்துவந்து இரண்டு ரிம்மையும் துடைத்தேன். தவறு என்றால் எண்ணெய் தடவியது. அயோக்கியத்தனம் என்றால் இதுதான்.

மெக்கானிக் வந்து பார்த்து, "பிரேக்கு கிண்ணுனுல்லா இருக்கு" என்றார். "நான் பிடிச்சேம்ப்பா, அது நிக்கல" என்று கட்டுப்போட்ட கையோடு அவள் அழுதாள். "பயத்துல விட்டிருப்ப. பொட்டப்பிள்ளைக்குக் கை பதறத்தான செய்யும்" என்றார் அப்பா. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அவளுடைய டீச்சர் வேலை போயிற்று. "சும்மா நிக்குதத நீ எடுத்துக்கலே" என்று அப்பா சொல்ல, அந்த சைக்கிளில்தான் வருடக்கணக்கில் ஆபீஸ் போனேன். எந்த மழையிலும் என் வேட்டியில் ஒரு பொட்டு சேறு பட்டதில்லை. அவ்வளவு நல்ல தேர்வு. லீவு நாட்களில் கீழப்பாவூருக்கும் போனேன். சும்மாதான். யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை.

சமீபத்தில் மேலகரத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வேலைக்குப் போகிற அவள் பேத்தி, தான் சைக்கிள் வாங்கப்போவதாகச் சொன்னாள். "வேண்டாம் ஏட்டி, நம்ம வீட்டுப் பொம்பளையளுக்குக் கை பதறும்" என்றாள் செண்பகம். ஒரு பொய் இவ்வளவு காலம் உயிரோடு இருந்து, மூன்றாம் தலைமுறையின் சைக்கிளையும் பிடித்து நிறுத்துகிறது. அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் கை பதறல."

"இல்லம்மா."

"என் சைக்கிளக் கொண்டா."

"பேத்திக்கு நான் வாங்கித் தாரேன்…"

"அவ சம்பளத்துல அவ வாங்கிக்கிடுவா. நான் கேக்குதது என் சைக்கிள."

பழையது எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. அதனால்தான் போன மாதம் தென்காசியில் அந்தக் கடைக்குப் போனேன். அவள் அன்று பார்த்தது போலவே கேரியரில் தொங்கிப் பார்த்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து வாங்கி, அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டாள். ரிம்மின் உள்பக்கம் விரலை வைத்து ஒரு சுற்று ஓடவிட்டாள். விரலை முகர்ந்து பார்த்தாள். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

முதலில் மேலகரம் மைதானத்தில், பேத்தி பின்னால் பிடித்துக்கொள்ள, செண்பகம் மறுபடி ஓட்டிப் பழகினாளாம். போன ஞாயிறு, கீழப்பாவூர் போகிற ரோட்டில் இருக்கும் என் வீட்டைத் தாண்டி இருவரும் போனார்கள். பேத்தி புது சைக்கிளில். செண்பகம் கறுப்பு சைக்கிளில், மெதுவாக, கேரியரில் ஒரு பையோடு. பேத்தி பெல் அடித்தாள். செண்பகம் அடிக்கவில்லை, திரும்பவும் இல்லை. கை ஆடாமல் நேரே போனாள்.

தெருவில் இப்போது யாரும் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுத் துடைப்பதில்லை. அந்த மணமும் இல்லை. அது போகட்டும். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் என்னை 'வாண்ணே, போண்ணே' என்றுதான் சொல்லிவந்தாள். அன்று விரலைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நல்லா இருக்கு. வச்சிட்டுப் போங்க."