லியனார்ட் மறைத்த கடைசிக் காட்சி

எதிரில் யாரையாவது புகழ்ந்தால் என் அண்ணன் லியனார்ட் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவார். வாரி முடித்து, "ம், இருக்கட்டும்" என்பார். நாற்பது வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். அடுத்த வயல்காரருக்குக் கரும்பு நன்றாக விளைந்தது என்றாலும் சீப்பு வரும். சர்ச்சில் வேறு ஒருவர் நன்றாகப் பாடினார் என்றாலும் வரும். தையற்காரர் அப்துல் ரஷீதின் பேச்சு எடுத்தால், வாரிய தலையையே திரும்பத் திரும்ப வாருவார்.

அண்ணன் எங்கள் தீவில், லம்பாசா ஊர்ச் சர்க்கரை மில்லில் பட்டறை வேலை பார்த்தவர். அம்மா படுக்கையில் விழுந்ததால் நான் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டேன். என்னை சைக்கிளில் உட்காரவைத்து, தமிழர் சங்கம் நடத்திய தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இன்னொருவருக்குக் கைதட்டுவதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

1951-ல் சங்கத்துப் பள்ளி மண்டபத்தில் ஒரு மர்ம நாடகம் போட முடிவு செய்தார்கள். பணக்காரர் ஒருவர் தன் வீட்டிலேயே கொல்லப்படுகிறார். கொன்றது யார் என்பது கடைசிக் காட்சியில்தான் தெரியும். செத்தவரின் தம்பி வேஷம் அண்ணனுக்கு. துப்புத் துலக்கும் வக்கீல் வேஷம் ரஷீதுக்கு. ஒத்திகை பார்த்துவிட்டு வந்த அண்ணி ஃபிலிஸ், சோறு போடும்போது என்னிடம் சொன்னாள்:

"அந்த ரஷீத் பாய் பேசினா ரேடியோ பேசற மாதிரியே இருக்கு, எட்னா."

"அப்ப ரேடியோவையே கட்டிக்கிட்டிருக்கலாமே," என்றார் அண்ணன்.

"எங்கப்பாரு வாங்கித் தரலையே."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சாப்பாட்டுக்கு நடுவிலேயே சீப்பை எடுத்தார்.

நாடகப் புத்தகம் மதராஸிலிருந்து கப்பலில் வந்தது. ஒன்றே ஒன்றுதான். அது அண்ணனிடம் இருந்தது. அதைப் பார்த்து அவரவர் வசனத்தை நோட்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. கடைசிக் காட்சியை எழுத வேண்டிய நேரத்தில் அண்ணன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள், தன் கையால் எழுதிய நாலு தாள்களைத் தந்தார்.

"கடைசிப் பக்கமெல்லாம் புஸ்தகத்துல இல்ல. நானே எழுதிட்டேன். இத காப்பி பண்ணு."

அந்தப் பக்கங்களை நான் முந்தின நாளே படித்திருந்தேன். வக்கீல் மூன்று பக்கத்துக்கு நின்று பேசி, தம்பிதான் கொலைகாரன் என்று நிரூபிக்கும் இடம் அது. அண்ணன் எழுதியதிலோ கொன்றது வக்கீல். மூன்று பக்கம் பேசி அதைக் கண்டுபிடிப்பவன் தம்பி. நான் ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. அத்தனை கை மாறி எங்களிடம் வந்து சேரும் தமிழ்ப் புத்தகங்களில் முன்னும் பின்னும் பக்கம் போயிருப்பது வழக்கம்தான். கிழித்த தாள்கள் அண்ணனின் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தன. தூசி தட்டும்போதெல்லாம் பார்ப்பேன். பார்த்து, மூடி வைத்துவிடுவேன்.

நாடகம் பேர் வாங்கியது. கப்பலேறி அடுத்த தீவில் இருக்கும் வுனிமோனோ வரைக்கும் போய்ப் போட்டார்கள். கைதட்டல் அண்ணனுக்குக் கிடைத்தது. ரஷீதுக்குக் கிடைத்தது கொலைகார வக்கீல் என்ற பட்டப்பெயர்.

"வக்கீலய்யா, கத்தரியக் கீழ வெச்சிட்டுப் பேசுங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு," என்பார்கள் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பள்ளிப் பிள்ளைகள் அவர் கடையைத் தாண்டும்போது கூச்சல் போட்டு ஓடுவார்கள். ஒருநாள் அவருடைய மகள் சபியா சாலையில் நின்று, "எங்க வாப்பா யாரையும் கொல்லல" என்று அழுதாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றும் வாயைத் திறக்கவில்லை.

பதினொரு வருடம் கழித்து அந்த நாடகம் படமாகி லம்பாசாவுக்கு வந்தது. சுவரொட்டியைப் பார்த்த அன்று அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகத்தில் உள்ள முடிவுதானே படத்தில் இருக்கும்! தான் செய்தது ஊருக்கே தெரிந்துவிடும். வீடு வீடாகப் போய்ப் பேசினார்.

"தெரிஞ்ச கதைதானே? வக்கீல்தான் கொன்னான். இதுக்குப் போயி மெனக்கெடணுமா?"

"தெரிஞ்ச கதைன்னாதான் பயப்படாம பாக்கலாம், லியனார்டு," என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா.

முதல் நாளே கொட்டகை நிறைந்தது. தமிழ் புரியாத பிள்ளைகள், கொன்றது யார் என்று ஹிந்தியில், "கோன் மாரிஸ்? கோன் மாரிஸ்?" என்று நச்சரித்தார்கள். பெரியவர்கள், "வக்கீல்டா, பேசாம பாரு" என்று விவரம் தெரிந்தவர்களாக அடக்கினார்கள். கடைசியில் திரையில் வக்கீல் எழுந்து பேசினார். தம்பியின் கையில் விலங்கு விழுந்தது. அந்தப் புத்தகம் யாரிடம் இருந்தது என்பது பெரியவர்களுக்கு நினைவு வந்தது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார்கள்.

விளக்குப் போட்டதும் ரஷீத் வந்தார். பின்னால் அவர் மனைவி ஹமீதாவும் சபியாவும்.

"அண்ணே, நெசமாவே அந்தப் பக்கம் காணாமப் போச்சா?"

"போச்சு," என்றார் அண்ணன்.

"போகல, பாய்," என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கிழிச்சு வீட்டுல வெச்சிருக்காரு. எனக்கு அப்பவே தெரியும்."

அண்ணி கணவரைப் பார்த்தாள். "ஒரு கைதட்டலுக்காகவா இப்படிப் பண்ணீங்க?"

"நீதானே ரேடியோன்னு சொன்னே," என்றார் அண்ணன்.

ரஷீத் கத்தவில்லை. "எம்புள்ள ரோட்டுல நின்னு அழுதுச்சுண்ணே. அந்தத் தாளக் குடுங்க. நான் ஒரு தடவையாவது அதப் பேசணும். நீங்கதான் எதிர்ல தம்பியா நிக்கணும்."

அடுத்த மாதம் சங்க மண்டபத்தில் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் போட்டார்கள். ரஷீத் மூன்று பக்கத்தையும் தடுமாறாமல் பேசினார். விலங்குக்குக் கையை நீட்டியபடி அண்ணன் அவ்வளவு கைதட்டலையும் நின்று கேட்டார். அவர் முகத்தில் பொறாமை அப்படியே தெரிந்தது. தேர்ந்த நடிப்பு என்று ஊர் சொன்னது. சபியா எழுந்து நின்று, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு இப்போது எழுபது வயது. ரஷீத் சுவா நகரத்தில், சமபுலாவில் சபியாவோடு இருக்கிறார். சுவாவுக்குப் போனால் அண்ணன் அவரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. போன மாதமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரஷீதுக்குக் குரல் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது.