எங்கள் ஹாலில் ஓடும் அஞ்சரை லோக்கல்

மல்லிப்பூ, வேர்வை, நார் உரித்த அவரைக்காய்... மூன்றும் கலந்த ஒரு வாசனை.

சென்ட்ரலில் அஞ்சரைக்கு எடுக்கும் லோக்கல் பட்டாபிராமில் வந்து நின்றதும், லேடீஸ் கம்பார்ட்மென்டிலிருந்து முதலில் இறங்குவது அந்த வாசனைதான். அதற்குப் பின்னால் அம்மா இறங்குவாள். தோளில் ஹேண்ட்பேக், கையில் ராத்திரி சமையலுக்கு நறுக்கி முடித்த காய் ஒரு கவரில். பாரிமுனையில் டைப்பிஸ்ட் வேலை. பாதி சமையல் ரயிலிலேயே முடிந்துவிடும்.

அப்போதெல்லாம் அவளைக் கூட்டிப்போக நான் சைக்கிளோடு ஸ்டேஷனுக்கு வெளியே நிற்பேன். அப்பா இல்லாத வீடு. அண்ணன் படிக்கிற பையன், அவனைத் தொந்தரவு பண்ணக்கூடாது. நானும் படிக்கிற பையன்தான்... அது யாருக்கும் தோன்றவில்லை. மழையானாலும் பரீட்சையானாலும் நான்தான்.

இதையெல்லாம் நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது அம்மாவுக்கு எதுவும் ஞாபகம் இல்லை, எனக்கு எதுவும் மறப்பதில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

ஆமாம், அம்மாவுக்கு மறதி நோய். பகலெல்லாம் அமைதியாக இருப்பாள். சாயங்காலம் ஆனால் ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டை உலுக்குவாள்.

"ஊட்டுக்குப் போணும். பசங்க தனியா கீறாங்க."

"இதாம்மா ஊடு" என்று நான் கத்துவேன். அவள் அழுவாள். தினமும் இதே கதை.

ஒருநாள் சோபாவில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி, தலையைத் தூக்காமல் ஒரு குரல் கொடுத்தாள். "அக்கா, சீக்கிரம் வாங்க! வண்டி எடுத்துறப் போறான்!"

கேட்டை விட்டுவிட்டு அம்மா ஓடி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் கர்சீப்பை விரித்து சீட் பிடித்தாள். மனைவியைப் பார்த்து, "சரோ, கொஞ்சம் காய் இங்க தள்ளு" என்றாள். சரோ என்பது கூட வேலை பார்த்த சரோஜா. மாமியாரை அத்தை என்று கூப்பிட்டவள் அன்றிலிருந்து சாயங்காலத்தில் மட்டும் சரோஜா.

அப்படித்தான் எங்கள் ஹாலில் லோக்கல் ஓட ஆரம்பித்தது.

டேபிள் ஃபேனைப் போட்டால் வண்டி கிளம்பிவிட்டது. நிறுத்தினால் பட்டாபிராம். நடுவில் கரன்ட் போனால்... "பேசின் பிரிட்ஜ் வந்துடுச்சா, படுத்துட்டான்" என்பாள் அம்மா. சிக்னல் கிடைக்காமல் வண்டிகள் படுத்துவிடும் இடம் அது, அந்த லைனில் போய் வந்தவர்களுக்குப் புரியும்.

எனக்கு மட்டும் சோபாவில் இடம் கிடையாது. ஒருநாள் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். "இன்னா நைனா, லேடீஸ் போர்டு கண்ணுக்குத் தெர்ல? எறங்கு!" அதிலிருந்து சமையலறை வாசல்படிதான் என் ஃபுட்போர்டு. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே காபி குடிப்பேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து அண்ணன் வந்தான். வரும்போதே முடிவோடு வந்திருந்தான்.

"நல்ல ஹோம் ஒண்ணு பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போயிடறேன். உங்களால முடியலன்னு எனக்குத் தெரியும்."

முடியவில்லை என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அவனே முடிவு பண்ணிக்கொண்டான். எப்போதும்போல.

சாயங்காலம் அம்மா பேக்கை மாட்டினாள். நான் ஃபேனைப் போடுவதற்குள் அண்ணன் குறுக்கே போய் நின்றான். "அம்மா, இதுதான் உங்க வீடு. எங்க கெளம்பிட்டீங்க?"

அம்மா பயந்துபோனாள். கேட்டைப் பிடித்து உலுக்கி, "யாராச்சும் வாங்களேன்" என்று தெருவைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"பாத்தியா? இதுக்குத்தான் சொல்றேன்" என்றான் அண்ணன்.

நான் போய் ஃபேனைப் போட்டேன். மனைவி காய்த் தட்டோடு உட்கார்ந்தாள். "அக்கா! சிக்னல் வுழுந்துடுச்சு!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள். கர்சீப் போட்டாள். அண்ணன் ஆறுதல் சொல்ல வந்து, சரியாக அந்தக் கர்சீப் மேலேயே உட்கார்ந்தான்.

"இன்னா சார், படிச்ச ஆள் மாதிரி கீற... லேடீஸ் பொட்டில ஏறிகினு சீட்டு வேறயா? போலீசக் கூப்புடவா?"

கம்பெனியில் ஒரு ஃப்ளோரையே மிரட்டுகிறவன், எழுந்து நின்றுவிட்டான்.

"இங்க வாண்ணா, ஃபுட்போர்டுல இடம் இருக்கு" என்றேன். வந்து நின்றான். நான் ஒரு பக்கம் நிலையைப் பிடிக்க, அவன் இன்னொரு பக்கம். அந்த நேரம் பார்த்து கரன்ட் போனது.

"பாத்தியா சரோ, பேசின் பிரிட்ஜ்!"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். ஒரே விஷயத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக எப்போது சிரித்தோம் என்பது எனக்கே ஞாபகம் இல்லை.

வண்டி நின்றிருந்த நேரத்தில் அம்மா சரோவிடம் பிள்ளைகள் கதையை எடுத்தாள்.

"பெரியவன் நல்லா படிக்கிறான். சின்னவன்தான்... எப்பப் பாத்தாலும் மூஞ்சிய உர்ருனு வெச்சிகினு இருப்பான். யார் மேல கோவமோ. ஆனா நான் எறங்கும்போது அவன் நிக்காம இருந்ததே இல்ல சரோ. அந்தத் தைரியத்துலதான் இருட்டுனாலும் நான் பயப்புடறதில்ல."

அண்ணன் நிலையிலிருந்து கையை எடுத்தான். என்னைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் மட்டும் தனியாகக் கிளம்பினான். ஹோம் பேச்சு அதோடு போனது. அவன் மேல் இருக்கும் மற்ற கோபங்கள் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் அவ்வளவு கூட்டத்திலும் அம்மா என்னை ஒரே பார்வையில் கண்டுபிடிப்பாள். இப்போது வீட்டில் நாலு பேர் இருந்தாலும் யார் யாரென்று தெரிவதில்லை, ஃபேன் நிற்கும் அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர. அப்போது மட்டும் சோபாவை விட்டு எழுந்து, நேராக என்னிடம் வந்து பேக்கை நீட்டுவாள்.

"வந்துட்டியாடா? சைக்கிள் எங்க?"

"பஞ்சர்மா."

"சரி வா, நடந்தே போலாம். ஊடு பக்கம்தான."