அரசவைக் கவுனுக்கு மூன்று முன்துண்டுகள்

1. ஒன்றேகால் அங்குலம்

மீராவின் இடுப்பு இரண்டு கிழமைக்குள் ஒன்றேகால் அங்குலம் கூடியிருந்தது. மூச்சை விடச் சொல்லி, அளவெடுக்கும் ரேப்பைத் திரும்பவும் சுற்றிப் பார்த்தேன். அதே அளவுதான்.

அப்போது நான் ரொறன்ரோவில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் உடுப்புப் பகுதியில் ஸ்ரிச்சராக இருந்தேன். கட்டர் வெட்டித் தருவதைத் தைத்து, நடிகர்களின் உடம்பில் வைத்துப் பொருத்துவது என் வேலை. அந்தத் தொடர் பழைய காலத்துப் பிரெஞ்சு அரசன் ஒருவனின் காதலியைப் பற்றியது. பட்டமோ பரம்பரையோ இல்லாத வீட்டில் பிறந்த பெண் அரசனுக்குப் பிடித்துப்போய் அரண்மனைக்குள் வருகிறாள். கடைசியில் அமைச்சர்களே அவளுடைய அறை வாசலில் காத்துநிற்கும் அளவுக்கு உயர்ந்துவிடுகிறாள்.

அந்தப் பெண்ணாக நடித்த மீரா யூனியன்வில்லில் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. பதினொரு வருடமாகத் தாதி, கடைக்காரி, மழையில் நனைந்தபடி பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்கும் அயல்வீட்டுக்காரி என்று நடித்துக்கொண்டிருந்தவளுக்கு இதுதான் முதல் பெரிய வேடம்.

ரேப்பைச் சுருட்டி வைத்தேன். ஆனால் அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“அன்ரி, உங்களுக்கு விளங்கீட்டுது, என்ன?”

“எத்தினை மாசம்?”

“மூண்டு. என்ர ஹஸ்பண்டுக்கு மட்டும்தான் தெரியும். ஹெலனுக்குச் சொல்லாதேங்கோ, ப்ளீஸ். இன்னும் நாலு மாசம் ஷூட்டிங் கிடக்கு. தே வில் ரீப்ளேஸ் மீ.” பிறகு சொன்னாள்: “ஆறு வருஷமாப் பாத்துக்கொண்டிருந்த பிள்ளை, அன்ரி.”

அளவுப் புத்தகத்தை எடுத்து, இரண்டு கிழமைக்கு முந்தைய அளவையே அன்றைய திகதிக்கும் எழுதினேன். அவ்வளவு வருட வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அளவு அது.

2. ஹெலன்

ஹெலன் எங்கள் கட்டர், தையல் அறைக்குப் பொறுப்பானவள். நியூஃபவுண்ட்லாந்துக்காரி, ஆறடி உயரம். பல்லுக்கிடையில் நாலைந்து குண்டூசியை வைத்துக்கொண்டே தெளிவாகப் பேசுவாள். வேலை கேட்டு நான் முதலில் வந்தபோது, நான் தைத்த கலியாண பிளவுஸ் ஒன்றைக் காட்டினேன். அவள் வெளிவேலைப்பாட்டைப் பார்க்கவேயில்லை. உள்பக்கத்தைப் புரட்டித் தையலை மட்டும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னாள். என் பெயரைச் சரியாகச் சொல்லுமட்டும் மூன்று நாள் பழகினாள். அந்த மனுசியிடம் பொய் சொன்னது எனக்குச் சாப்பாட்டோடு இறங்கவில்லை.

பொய்யும் கனநாள் நிற்கவில்லை. எங்கள் அறையில் ஒவ்வொரு முக்கிய நடிகருக்கும் ஒரு பொம்மை உடல் இருக்கும். புத்தகத்து அளவுக்கு அதற்குப் பஞ்சு வைத்துக் கட்டுவோம். அரசவைக் கவுனின் மாதிரியை மலிவுத் துணியில் தைத்து அதில் போட்டபோது அளவாக இருந்தது. மீராவுக்குப் போட்டபோது முன்பக்கத் திறப்பு இருக்கவேண்டியதைவிட இரண்டு விரல் கூட அகன்று நின்றது. ஹெலன் போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். அதில் இருந்தது என் கையெழுத்து.

மீரா போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். அளவைப் பிழையாக எழுதியது நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டாள். அதை மீராதான் சொல்ல வேண்டும் என்றேன். ஹெலன் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிப்பஞ்சில் குத்தினாள். இந்த அறையில் எல்லாவற்றையும் தனக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை என்றும், ஆனால் தன் புத்தகத்தில் இன்னொரு பொய் விழுந்தால் அடுத்த நாள் நான் வரத் தேவையில்லை என்றும் சொன்னாள். குரல் உயரவில்லை.

அடுத்த நாள் காலை நான் வேறு அறையில் இருந்தபோது, உடுத்திவிடுகிற பிள்ளை ஒருத்தி மீராவின் இடுப்பை இறுக்கும் கோர்செட்டின் கயிற்றைப் பழைய அடையாளம்வரை இழுத்துக் கட்டிவிட்டாள். அதுவரை நான்தான் ஒவ்வொரு நாளும் அதை இளக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒத்திகைக்குப் போன மீரா முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

“பிள்ளை, நான் உமக்குத் தைப்பன். ஆனா பொய் அளவுக்குத் தைக்க ஏலாது. நாளைக்கும் ஆரும் உந்தக் கயித்தை இழுத்தா என்ன செய்வீர்?”

“அவை என்னை எடுத்துப்போடுவினம், அன்ரி.”

“எடுக்கிறதெண்டா முதல் எங்களிட்டைக் கேட்டுட்டு எடுக்கட்டும். தையல் அறையால என்ன செய்யேலும் எண்டு அவைக்குத் தெரியாது.”

துணிவாகச் சொன்னேனே தவிர, என்ன செய்யேலும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

மீரா தானே எழும்பிப் போய் ஹெலனிடம் சொன்னாள். ஹெலன் அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, வெட்டு மாதிரிகள் அடுக்கியிருக்கும் பற்றேர்ன் லாச்சியைத் திறக்கச் சொன்னாள்.

3. முன்துண்டு

அந்தக் காலத்து அரசவைக் கவுனுக்கு முன்பக்கம் சேராது. இரண்டு பக்கமும் திறந்தபடி நிற்கும். நடுவில் முக்கோண வடிவில் ஒரு தனித்துண்டை வைத்து, குண்டூசியால் குத்துவார்கள். முதலில் அதை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். அரண்மனைப் பெண்கள் வருடக்கணக்காகப் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தவர்கள், மாதத்துக்கொரு கவுன் தைக்க முடியுமா என்று ஹெலன் கேட்டபோதுதான் விளங்கியது. துண்டு அகன்றால் கவுனும் அகலும். பாவாடைக்கு அடியில் இடுப்பின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும் வளையக்கூடு பார்வையை வெளியே இழுத்துவிடும். வயிறு கண்ணில் படாது.

நாங்கள் மூன்று முன்துண்டுகள் செய்தோம், ஒன்றைவிட ஒன்று அகலம். மூன்றிலும் ரிபன் பூக்கள் ஒரே மாதிரித் தெரியவேண்டும் என்பதால், அகலம் கூடக்கூடப் பூவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருப்பித்தோம். கோர்செட்டின் விலாப்பக்கத்தை வெட்டித் திறந்து அதற்கும் கயிறு வைத்தேன். வெட்டுகிற திட்டம் ஹெலனுடையது. உள்மடிப்பை அகலமாக விட்டுத் தைக்கிற பழக்கம் என்னுடையது. கலியாண பிளவுஸ் தைத்த எனக்குத் தெரியும், ஒரு வருடத்தில் அந்தப் பிளவுஸ் பிரித்துத் தைக்கத் திரும்பி வரும்.

மீரா தயாரிப்பாளருக்குச் சொன்னதும் அவளை மாற்றுகிற பேச்சு வந்தது. ஹெலன் அவரைத் தையல் அறைக்கு வரச் சொன்னாள். மீராவுக்குக் கவுனைப் போட்டு நடுவில் நிறுத்தினோம். அவர் இரண்டு தரம் சுற்றி வந்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனால் படப்பிடிப்பின் கடைசி மாதம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

ஹெலன் வாய் திறக்கமுதல் நான் மேசையில் கிடந்த குஷனை எடுத்து மீராவின் வயிற்றில் கட்டினேன். மூன்றாவது முன்துண்டைக் குத்திவிட்டு, திரும்பவும் பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்து பக்கவாட்டிலும் பார்த்தார். பிறகு, எழுத்தாளர்களிடம் சொல்லிக் குதிரையேறுகிற காட்சியை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். மீரா அழுதுவிட்டாள். பட்டில் கண்ணீர் விழாமல் ஹெலன் ஒரு துவாயை நீட்டினாள்.

4. மூன்று வணக்கம்

ஐந்தாம் மாதத்தில் பெரிய காட்சி வந்தது. அரசனின் காதலியை அரசிக்கு முறைப்படி அறிமுகம் செய்கிற நாள். அவள் மூன்று தரம் முழங்கால் மடித்து வணங்கவேண்டும். பிறகு அரசிக்கு முதுகைக் காட்டாமல், நீண்டு கிடக்கும் பின்வாலைக் காலால் தள்ளித் தள்ளி, பின்னுக்கே நடந்து வெளியேறவேண்டும். அவள் தடக்கி விழுவதைப் பார்க்கத்தான் அரசவை முழுவதும் கூடி நிற்கிறது.

மருத்துவரிடம் கேட்டு, இடையிடையே மீராவை இருத்தி ஆறவிட்டுத்தான் எடுத்தார்கள். காட்சியை நாலாவது முறை எடுத்த ரேக்கில், இரண்டாவது வணக்கத்தில் இருந்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வால் எங்கோ மாட்டிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் ஊசியோடு ஓடினேன். கிட்டப் போனதும் என் தோளைப் பிடித்தாள்.

“அன்ரி, அசையுது.”

“நோகுதா?”

“இல்லை. பிள்ளை அசையுது. இப்பதான் முதல்தரம்.”

நான் முழங்காலில் இருந்து, ஒரு பிழையும் இல்லாத விளிம்பைத் தைப்பதுபோல ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை விளக்குக்கும் ஆட்களுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு நிமிடமாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அவள் என் கையை எடுத்து முன்துண்டின்மேல் வைத்தாள். பட்டும் கோர்செட் எலும்பும்தான் தட்டுப்பட்டன. எனக்கு ஒன்றும் தெரியேல்லை பிள்ளை என்றேன். சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு மாறாத முகத்தோடு அடுத்த ரேக்கில் பின்னுக்கு நடந்தாள். இயக்குநர் அதைத்தான் எடுத்துக்கொண்டார். அரசவையையே வென்றுவிட்ட பெண்ணின் முகம் என்று பாராட்டினார். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று ஹெலனும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு உடம்பில் நடக்கிறது அந்த ஆளின் தாய்க்கு முன்னமே உங்கள் கைக்குத் தெரியவரும். அந்தச் செய்தி உங்களுடையது இல்லை. ஆனால் அளவு அளவுதான், அதை மாற்றி எழுதினால் கடைசியில் அந்த உடம்புதான் நோகும். அதற்குப் பிறகு, வேலையை விட்ட நாள்வரைக்கும், ரேப்பில் விழுந்த எண்ணை முதலில் அளவு கொடுத்தவருக்கே காட்டினேன். அவர் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன்.